சுளுக்கு மிதித்த கால்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் வைத்தியம் பார்த்த ஆள் நான்தான். பால்பல் விழுவதற்கு முன்பே தொழிலைத் தொடங்கிவிட்டேன். அதற்காக எதுவும் படிக்கவில்லை. மற்ற குழந்தைகள் தலையை முன்னால் விட்டு உலகத்துக்கு வந்தபோது நான் காலை முன்னால் விட்டு வந்தேன், அவ்வளவுதான். கால் முந்திப் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விலகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடுப்பில் பிடித்துக்கொண்டவர்களும் முதுகு நிமிர முடியாதவர்களும் அப்படி ஒரு பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். சிவகாசியில் எங்கள் வட்டாரத்துக்கு அந்தப் பிள்ளை நான்.

எனக்கு நோயாளிகள் குறைவில்லாமல் கிடைத்ததற்கு அப்பாவின் தொழிலும் ஒரு காரணம். அப்பாவும் சித்தப்பாவும் வீட்டின் பின்கட்டில் சின்னதாக ஒரு அச்சாபீஸ் நடத்தினார்கள். வெடிப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் ஒட்டுகிற லேபிள்தான் அங்கே அச்சாகும். அந்தக் காலத்தில் படத்தைக் கல்லில் எழுதி, அந்தக் கல்லிலிருந்து அச்செடுப்பார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரு கிளிப் படம் வேண்டுமென்றால் சிறகுக்கு ஒரு கல்லைத் தூக்கி மிஷினில் வைக்க வேண்டும், மூக்குக்கு அதை இறக்கிவிட்டு வேறொரு கல். ஒவ்வொன்றும் ஆட்டுரல் கனம் கனக்கும். தீபாவளி சீசனில் ஆர்டர் வந்து குவியும்போது யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. வேறு கம்பெனியாக இருந்தால் அந்த ஆள் லீவு போட்டுவிட்டுப் போவார். எங்கள் ஆபீஸில் அவர் பின்வாசலுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வார். அம்மா என்னை எழுப்பி விடுவாள். நான் தூக்கக் கலக்கத்தோடு போய் அவர் இடுப்பில் ஏறி மூன்று தரம் மிதித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். திரும்பிப் பார்த்தால் பலிக்காது. காசு வாங்கினாலும் பலிக்காது. கருப்பட்டி மிட்டாயும் சேவும் வாங்கிக்கொண்டால் பலிக்குமா என்ற சந்தேகம் ஆரம்பத்தில் இருந்தது. பலிக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

நான் நடக்கும்போது இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுவேன். வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி இருக்கும் என்று சித்தப்பா சொல்வார். வலி கிடையாது. ஓடுவேன், பாண்டி ஆடுவேன், சுவரேறிக் குதிப்பேன். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே என் நடை அதுதான். அதனால் எனக்கு அது நடையாகத்தான் தெரிந்தது. மற்றவர்கள்தான் ஏதோ குச்சியை விழுங்கியவர்கள் போல விறைப்பாக நடப்பதாகப் பட்டது.

ஊர் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தது. நாரணாபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். வெடிக் கம்பெனியில் நாள் முழுதும் தரையில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுகிறவர். முதுகு பிடித்துக்கொண்டால் வேறு யாரிடமும் போக மாட்டார். ஒரு முறை நான் மிதித்துவிட்டுத் திரும்பி நடந்ததைப் பார்த்துக்கொண்டே அவர் அம்மாவிடம் சொன்னார்:

"ஊருச் சுளுக்கையெல்லாம் வாங்கிக்கிடுற காலுல்லம்மா. அது எப்படி நேரா நடக்கும்? அம்புட்டும் உள்ள போயித்தான தங்குது."

அவர் குரலில் இரக்கமே இல்லை. கோயில் யானையைப் பற்றிப் பேசுவது போல மரியாதைதான் இருந்தது. என் சாய்வுதான் என் காலின் சக்திக்கு அத்தாட்சி என்று எல்லோரும் நம்பினார்கள். நேராக நடந்திருந்தால் என்னை இத்தனை பேர் தேடி வந்திருப்பார்களோ என்னவோ. பள்ளிக்கூடத்தில்கூட ஒருவரும் என்னை நொண்டி என்று சொன்னதில்லை. அவரவர் அப்பா இடுப்பு என் காலடியில் இருந்தது.

எனக்கு மட்டும் இந்தக் காரணத்தில் ஒரு இடறல் இருந்தது. சுளுக்கு என் காலுக்குள் வந்து தங்குகிறது என்றால், மிதிக்க மிதிக்கச் சாய்வு கூட வேண்டுமே. சீசன் முடிந்து மிதிக்க ஆள் இல்லாத மாதத்தில் குறைய வேண்டுமே. அப்படி எதுவும் நடக்கவில்லை. எந்தக் காலில் சக்தி இருக்கிறது என்றும் ஒரு சந்தேகம். ஒரு வாரம் முழுக்க வருகிறவர்களை வலது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தேன். அடுத்த வாரம் இடது காலால் மட்டும். இரண்டிலும் எழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்படியானால் சுளுக்கு இரண்டு கால்களிலும் ஏற வேண்டும், நான் இரண்டு பக்கமும் சாய வேண்டும். சித்தப்பாவிடம் இதைக் கேட்டேன். அவர் தினமும் பேப்பர் படிக்கிறவர். எதற்கும் அவரிடம் பதில் இருக்கும்.

"ஏ பிள்ள, கரண்டு எந்தக் கம்பி வழியா வருது, எந்தக் கம்பி வழியா போகுதுன்னு உனக்குத் தெரியுமா? லைட்டு எரியுதா இல்லையா, அதப் பாரு" என்றார்.

அம்மா மட்டும் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ள மாட்டாள். என் பாவாடை இடது பக்கம் எப்போதும் தரையில் இழுபடும். ஒவ்வொரு புதுப் பாவாடைக்கும் அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு விரல்கடை மடித்துத் தைப்பாள். தைத்ததை எனக்குக் கட்டிவிட்டு, என்னைத் தள்ளி நிற்க வைத்து, அடிவிளிம்பு ஒரே மட்டமாக நிற்கிறதா என்று வெகுநேரம் பார்ப்பாள். துணி தைப்பதில் அம்மாவுக்கு இருந்த அக்கறை அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது தங்கச்சி பிறந்தாள். அவளும் கால் முந்தித்தான் பிறந்தாள். அச்சாபீஸில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். "கம்பெனிக்கு ரெண்டாவது மிஷின் வந்து இறங்கியாச்சு" என்று சித்தப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. ஒரே தெருவில் இரண்டு வைத்தியர் பிழைக்க முடியுமா?

ஆனால் வந்த மிஷினில் ஒரு கோளாறு இருந்தது. பாப்பாவின் தலை வலது தோளை நோக்கிச் சாய்ந்தே இருந்தது. முகம் இடது பக்கம் திரும்பியிருக்கும். நேராக்கி வைத்தால் வீறிட்டு அழுதுவிட்டு மறுபடி அதே பக்கம் போய்விடும். கழுத்தின் ஓரத்தில் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. நான் யாரும் பார்க்காத நேரத்தில் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே நிஜமாகவே நெல்லிக்காய்தானா என்று தெரிந்துகொள்ள ஆசை.

உரம் விழுந்திருக்கிறது என்றார்கள். உரம் எடுக்கத் தெரிந்த ஒருவரைத் திருத்தங்கலிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் பாப்பாவை ஒரு பழைய சேலையில் போட்டு, இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டச் சொன்னார். பாப்பா உருண்டு உருண்டு சிரித்தது. கழுத்து அப்படியே இருந்தது. கட்டி சில வாரங்களில் தானாகவே கரைந்தது. சாய்வு கரையவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். வீட்டிலேயே வைத்தியரை வைத்துக்கொண்டு வெளியே அலைந்ததற்குச் சித்தப்பா வருத்தமே தெரிவித்தார். பச்சைப் பிள்ளையை மிதிக்க முடியாது. அதனால் என் காலைக் கழுவித் துடைத்து, கட்டை விரலால் மட்டும் பாப்பாவின் கழுத்தைத் தொடச் சொன்னார்கள். அம்மா மடியில் பாப்பா. அப்பா என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். நான் ஒற்றைக் காலில் நின்று மூன்று தரம் தொட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அன்று முழுவதும் பாப்பா இருந்த அறைப் பக்கமே போகவில்லை. மறுநாள் காலை ஓடிப்போய்ப் பார்த்தேன். தலை அதே இடத்தில் சாய்ந்திருந்தது. அந்த ஒரு தடவைதான் என் வைத்தியம் பொய்த்தது. எனக்கு அழுகையாக வந்தது.

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாக" என்று சித்தப்பா என்னைத் தேற்றினார்.

அப்பா அவ்வளவாகக் கவலைப்படவில்லை. வேலை முடிந்து மை படிந்த கையோடு வந்து பாப்பாவை எட்டிப் பார்த்தவர், "வளர வளரச் சரியாப் போயிரும்" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "மூத்தவளுக்கும் இதத்தான் சொன்னீக."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு என்ன சரியாக வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அம்மை போட்டிருந்ததைச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"பொம்பளப் பிள்ள. கழுத்தச் சாச்சுக்கிட்டு நாளைக்கு எங்கன போய் நிக்கும்? நான் மதுரைக்குக் கொண்டு போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்றாள் அம்மா. அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. சீசன் வேலை தலைக்கு மேல் கிடந்ததால் சித்தப்பாவைத் துணைக்கு அனுப்புவதாக ஒத்துக்கொண்டார்.

புறப்படுகிற அன்று காலையில் அம்மா எனக்கும் தலை பின்னிவிட்டு, புதுப் பாவாடையை எடுத்துக் கட்டினாள். நான் எதற்குக் கூட வர வேண்டும் என்று சித்தப்பா கேட்டதற்கு, "அவளும் வரட்டும்" என்றாள். காரணம் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரிந்தே இருந்தது. பாப்பாவுக்கு இதுவரை வைத்தியம் பார்த்தவள் நான். மதுரை டாக்டர் ஏதாவது கேட்டால் யார் பதில் சொல்வது?

விருதுநகர் போய் அங்கே பஸ் மாறி மதுரைக்குப் போனோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அம்மா பாப்பாவின் தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். வைத்தியம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தன் பயம் என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு வேறு பயம். டாக்டர் ஒரே நிமிஷத்தில் கழுத்தை நேராக்கிவிட்டால் என் தொழில் என்னாவது?

டாக்டர் எலும்பு வைத்தியர். நடுத்தர வயது, ஒல்லியான ஆள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். கழுத்தை ஒருமுறை தடவினார், தலையை மெல்ல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பாப்பாவின் துணியையெல்லாம் அவிழ்க்கச் சொன்னார். அம்மா அவிழ்த்தாள். டாக்டர் பாப்பாவின் பாதங்களைப் பார்த்தார். பிறகு இரண்டு முழங்கால்களையும் மடக்கிப் பிடித்துக்கொண்டு, தொடைகளைப் புத்தகம் பிரிப்பது போல மெல்ல விரித்தார். வலது தொடை மேஜையைத் தொட்டது. இடது தொடை பாதியில் நின்றுவிட்டது.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கழுத்துதாங்க டாக்டர்" என்றார்.

"கழுத்தைப் பாத்துட்டேன்" என்றார் டாக்டர், கையை எடுக்காமல். பிறகு, "கால் முந்திப் பிறந்த குழந்தையா?" என்று கேட்டார்.

சித்தப்பா கையைக் கூப்பியேவிட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற ஜோசியரிடம்கூட அவர் அப்படிக் கும்பிட்டதில்லை. நான் மேஜைக்கு மிக அருகில் போய், என் மூக்கு டாக்டரின் கையில் இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டேன்.

"என்ன பாக்குற?" என்றார் டாக்டர்.

"கழுத்து சாஞ்சிருக்குன்னு வந்தா நீங்க ஏன் தொடையில தேடுறீக?" என்றேன்.

அம்மா என்னைப் பின்னால் இழுத்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். இடது கையைக் கிண்ணம் போலக் குவித்து, வலது கை முஷ்டியை அதற்குள் வைத்துக் காட்டினார். "உன் தொடை எலும்பு மேல ஒரு பந்து இருக்கு. இடுப்புல ஒரு கிண்ணம் இருக்கு. பந்து கிண்ணத்துக்குள்ள உக்காந்திருந்தாத்தான் கால் சரியா இருக்கும். உன் தங்கச்சி அம்மா வயித்துல தலைகீழா இல்லாம உக்காந்தே இருந்திருக்கா. உள்ள இடம் பத்தல. அந்த நெருக்கத்துல சில பிள்ளைக்குக் கழுத்து சாஞ்சுக்கும், சில பிள்ளைக்குப் பாதம் வளைஞ்சுக்கும். சில பிள்ளைக்குப் பந்து கிண்ணத்துல ஒழுங்கா உக்காராது. அதனால இதுல ஒண்ணு கண்ணுல பட்டா, மத்ததையும் தேடிப் பாக்கணும். கழுத்து எல்லாருக்கும் தெரியும். இடுப்பு உள்ள இருக்கு, யாருக்கும் தெரியாது."

என் விரலைப் பிடித்துப் பாப்பாவின் தொடை மேல் வைத்தார். மறுபடி காலை மடக்கி விரித்தார். விரல் நுனியில் ஏதோ ஒன்று தட்டியது. சத்தம் கேட்டதா, விரலில் பட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. அலமாரிக் கதவின் கொண்டி விழுகிற மாதிரி ஒரு சின்ன அசைவு. "இப்ப உள்ள போச்சு" என்றார். காலை விட்டதும் மறுபடி அதே தட்டல். "இப்ப வெளிய வந்துருச்சு." எத்தனையோ இடுப்பை மிதித்திருக்கிறேன். உள்ளே இப்படி ஒரு வேலைப்பாடு இருக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொரு தரம் காட்டச் சொல்லிக் கேட்டேன். பிள்ளைக்கு வலிக்கும், அடிக்கடி செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கழுத்தை வீட்டிலேயே தினமும் நீவி நீட்டிவிட்டால் போதும், அது சரியாகிவிடும் என்றார். இடுப்புக்குத்தான் மாவுக்கட்டு. கால்களை அகட்டி வைத்துச் சில மாதம் கட்டிவைத்தால் பந்து கிண்ணத்தில் பழகி உட்கார்ந்துவிடும். "நல்ல நேரத்துல கொண்டு வந்துட்டீங்கம்மா. இவ நல்லா நடப்பா" என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது. தங்கச்சி இன்றைக்கும் நேராக, கொஞ்சம் வேகமாகவே நடக்கிறாள். கழுத்தையும் நிமிர்த்திக்கொண்டுதான் சண்டைக்கு வருவாள்.

நாங்கள் எழுந்து போக வேண்டிய நேரம். சித்தப்பா பையை எடுத்துக்கொண்டார். அம்மா மட்டும் அசையவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையை என் முதுகில் வைத்து மெல்ல முன்னால் தள்ளினாள்.

"இவளையும் ஒருக்கா பாத்துருங்கய்யா. இவளும் கால் முந்திப் பிறந்தவதான்."

சித்தப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். அதுவரை நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், அவர் என் நடையைப் பார்த்திருக்கவில்லை. நடந்து காட்டச் சொன்னார். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் முன்னால் நடப்பது போலக் கையை வீசிக்கொண்டு கதவு வரை நடந்தேன், காலைத் தட்டித் திரும்பி வந்தேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் கொக்கு போல நின்றேன். இடது காலில் நின்றபோது கொஞ்சம் ஆடியது. சமாளித்துவிட்டேன். மேஜை மேல் படுக்க வைத்து இரண்டு முழங்கால்களையும் மடக்கி நிறுத்தினார். தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முழங்கால் உயரமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தன. ஒன்பது வருஷம் என்னோடு இருந்த முழங்கால்கள், அன்றைக்குத்தான் அந்த வித்தியாசத்தை முதலில் கண்டேன்.

எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். எங்கள் அச்சாபீஸில் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். எனக்குள் இருப்பதையே படமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வலது பக்கம் அவர் சொன்ன மாதிரியே கிண்ணத்துக்குள் பந்து. இடது பக்கம் கிண்ணம் காலியாக, ஆழமில்லாமல் தட்டையாகக் கிடந்தது. பந்து மேலே ஏறி எலும்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் பந்து அங்கன என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு தனியா ஒரு இடம் பாத்துக்கிச்சு" என்றார் டாக்டர். என் பந்து கெட்டிக்காரப் பந்து என்று தோன்றியது.

டாக்டர் அம்மாவிடம், "நடக்க ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிருக்குமே. ஏன் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். திட்டுகிற குரலில் கேட்கவில்லை. அம்மா என் பாவாடையின் இடது விளிம்பை இழுத்துவிட்டாள். சித்தப்பாதான், "அது வந்துங்க டாக்டர், இந்தப் பிள்ளை சுளுக்கு மிதிக்கிற பிள்ளை. அதனால நாங்க எல்லாரும்..." என்று தொடங்கினார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். எங்கள் ஊரில் பேச்சை முடிக்கத் தெரியாத ஆள் இல்லை அவர். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடிக்கவில்லை.

"இப்ப இவளுக்கு என்னங்கய்யா செய்யணும்?" என்றாள் அம்மா.

டாக்டர் படத்தைக் கவரில் போட்டார். மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு என்னை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு, என் தோளில் தட்டினார். "உனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. கட்டும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நீ பாட்டுக்கு ஓடு, விளையாடு. வெளிய வேப்பமரத்துல ஊஞ்சல் கட்டியிருக்கு பாரு, போ" என்றார்.

கதவைத் தாண்டும்போது அவர் தாழ்ந்த குரலில் அம்மாவிடம் பேசுவது கேட்டது. இத்தனை வயதுக்கு மேல் அதை அசைக்கப் போனால் இருப்பதும் கெட்டுப்போகும், தொந்தரவு பண்ணாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அசைக்கவே கூடாது என்று ஒரு டாக்டர் சொல்லுகிற அளவுக்கு உசத்தியான கால் யாருக்கு வாய்க்கும்? பாப்பாவுக்கும் எனக்கும் ஒரே பரீட்சை வைத்தார்கள். பாப்பா பெயிலாகி மாவுக்கட்டு வாங்கிக்கொண்டது. நான் பாஸாகிவிட்டேன்.

ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். எனக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்காமல் தானாக எதுவும் வாங்கித் தருகிற ஆளில்லை. பக்கத்தில் நின்று நான் தின்று முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதுரை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் பாப்பாவுக்குக் கட்டுப் போட்டார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரை வெள்ளையாக, தவளை மாதிரி கால்களை அகட்டிக்கொண்டு பாப்பா கிடந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு ஊருக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பாப்பாவை ஒரு தொடையில் கிடத்திக்கொண்டு, என்னை மறுபக்கம் ஒட்டி உட்கார வைத்தாள். என் இடது தொடையின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திருமங்கலம் தாண்டியும் எடுக்கவில்லை. புழுக்கமாக இருந்தது. நான் கையைத் தள்ளித் தள்ளி விட்டேன். தள்ளிய கை திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அழுகுற? பாப்பாதான் நல்லா நடப்பான்னு சொல்லிட்டாரே. எனக்குத்தான் ஒண்ணுமே வேண்டாம்னுட்டாரே" என்றேன்.

"ஆமா தாயி" என்றாள் அம்மா. பெரியவர்களுக்குச் சந்தோஷத்திலும் அழுகை வரும் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். அதனால் தொந்தரவு பண்ணாமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சீசன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் பாப்பாவின் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மா முகத்தைப் பார்த்தார். அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா பையைக் கீழே வைத்துவிட்டு, அதன் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார்.

யாரும் சொல்லாததால் நானே சொன்னேன். "அப்பா, டாக்டர் எனக்கும் போட்டோப் பிடிச்சுப் பாத்தாரு. பாப்பாவுக்குத்தான் கட்டு. எனக்கு ஒண்ணுமே வேண்டாம்னுட்டாரு. காலை அசைக்கவே கூடாதாம், அப்படியே விட்டுரணுமாம்."

அப்பா அங்கிருந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். மை ஈரமாக இருக்கும் கல்லில் யாராவது உட்கார்ந்தால் அடிக்கப் போகிறவர் அவர். என்னைக் கிட்டே இழுத்து, முகத்துக்கு நேரே நிறுத்தினார்.

"என்ன சொன்னாரு தாயி? இன்னொருக்கா சொல்லு."

மிஷின் சத்தத்தில் அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, அச்சாபீஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.